வாயைத் திறக்காத மாப்பிள்ளைக்கு

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தில் உனக்குக் கிடைக்கப்போகும் மரியாதை அத்தோடு முடிந்தது. உன் நிக்காஹ்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மண்டபம் பேசியாயிற்று, சமையலுக்கு ஆள் பேசியாயிற்று, என் மூத்தவள், உன் ராத்தா, தனக்கு இப்போதே மூன்று சாரி எடுத்துவிட்டாள். இப்படியான நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதினால், பெண்சாதியை எப்படி வைத்துக்கொள்வது, மாமி வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் எழுத வேண்டுமாம். அதையெல்லாம் உன் மாமாமார் சொல்லித் தருவார்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. நான் எழுதப்போவது உன் வாயைப் பற்றி. உதட்டுக்கும் தொண்டைக்கும் நடுவில் அல்லாஹ் தந்த அந்த ஈரமான இடத்தைப் பற்றி. அதை நீ பாண் சுடும் போறணையின் புகைக்கூடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாய்.

நீ டுபாய்க்குத் திரும்பிப் போன அன்று காலை நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்து இடியப்பமும் மீனாணமும் தின்றுகொண்டிருந்தாய். ராத்தாவின் சின்ன மகள் ஏதோ சொன்னாள், நீ தலையை அண்ணாந்து சிரித்தாய். காலை வெயில் நேரே உன் வாய்க்குள் விழுந்தது. இடது கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்குக் கிட்ட, சின்ன விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை. இடியப்பம் ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நீ தண்ணீர் குடித்தாய், மறுபடியும் சிரித்தாய். அது அங்கேயே இருந்தது.

"மகன், வாயை ஒருக்காத் திற" என்றேன்.

"என்னத்துக்கு?"

"திற எண்டா திற."

"உம்மா, நான் கலியாண மாப்பிள்ளை. உங்கட கிளினிக்குக்கு வந்த நோயாளி இல்ல."

சொல்லிவிட்டு வெட்கப்படுகிற பெண்பிள்ளை மாதிரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு எழும்பினாய். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய், காற்சட்டைப் பையிலிருந்து அந்தச் சாமானை எடுத்தாய். பேனா மாதிரி நீளம், நுனியில் ஒரு நீல வெளிச்சம். நீ ஊதினாய், எங்கள் வளவு முழுக்க ஸ்ட்ரோபெரி வாசம். முப்பது வயது ஆம்பிளை, ஆறடி உயரம், கட்டடத்துக்குக் கட்டடம் ஏறி ஏசி பூட்டுகிறவன், நர்சரிப் பிள்ளையின் டொபி மாதிரி மணந்துகொண்டு நின்றாய். நான் பின்னால் வந்து நின்றதைக் கண்டதும் நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "இது புகை இல்ல உம்மா, ஆவி. சிகரெட்ட விட்டுட்டுத்தானே இதுக்கு வந்தேன். நீங்க சந்தோஷப்படுவீங்க எண்டு நினைச்சேன்." வேன் வந்துவிட்டது, நீ ஏறிப் போய்விட்டாய். சந்தோஷப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது.

உன் உம்மா இருபத்தாறு வருஷம் பல் கிளினிக்கில் அட்டெண்டனாக இருந்தவள். நீ அதை யாருக்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். ரத்த வாளி கழுவினேன், தட்டுகளைக் கொதிக்கப் போட்டேன், நடுங்குகிறவர்களின் தலையைப் பிடித்தேன், வாய்க்குள் வெளிச்சம் பிடித்தேன். டொக்டர்மார் இரண்டு வருஷத்துக்கு ஒருவர் மாறினார்கள், நான் மாறவில்லை. ஒருவர் வந்து கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தால், டொக்டர் கேட்க முன்னமே இவர் எதைக் குடிக்கிறவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். உப்பளத்திலிருந்து வருகிற பீடிக்காரர்களுக்கு முன்பற்களின் கழுத்து கறுத்திருக்கும், வாய் காய்ந்து உதடு பல்லோடு ஒட்டும். பீடி அணைந்துகொண்டே இருக்கும் சாமான். அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒரு சிகரெட்காரன் இழுப்பதைவிட பீடிக்காரன் கூடுதலாகத்தான் இழுக்கிறான். ஆனால் கேட்டுப் பார், "இது இலை, நோனா, பேக்டரி மருந்து ஒண்டும் இதில இல்ல" என்பான். சிகரெட்காரன் பீடிக்காரனுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருக்கக்கூட மாட்டான், தள்ளி இருப்பான். சுருட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்து மூக்கைச் சுளிப்பார், அவர் நெஞ்சுக்குள் எடுக்காதவராம். ஒவ்வொருவனுக்கும் மற்றவன்தான் அழுக்கு. கடைசியில் எல்லோரும் ஒரே வாளிக்குள் துப்பினார்கள். அதைக் கழுவினவள் நான். அதனால்தான் உன் ஆவிக் கதை எனக்குப் புதிதாக இல்லை.

ஒரு மீன்பிடிகாரர் வருவார். கரையில் காற்று அடிக்கும் மாதங்களில், படகில் நெருப்பு அணையாமல் இருக்க பீடியைத் திருப்பி, எரியும் முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பார். ஒருமுறை பெருமையோடு டொக்டருக்குச் செய்தும் காட்டப்போனார். அண்ணாந்து வாயைத் திறந்தபோது மேல்வாய் முழுக்க வெந்துபோன தோல், கடும் வெள்ளை, நடுவில் தடித்துப் பிளந்திருந்தது. "நோவில்ல மிஸ், ஒண்டும் தெரியிறதில்ல" என்றார். தெரிய அங்கே உயிரோடு ஏதாவது இருந்தால்தானே. நான் அப்போது மனசுக்குள் சிரித்தேன். மனுஷன் ஒருத்தன் சொந்த வாயை அடுப்பாக்கி வைத்துக்கொண்டு சாதனை பேசுகிறானே என்று அவ்வளவு இளக்காரம் எனக்கு. அந்த இளக்காரத்தைத்தான் நான் தினமும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வீட்டில் உன் வாப்பா இருந்தார்.

உன் வாப்பாவை நீ ஒரு நல்ல மெக்கானிக்காக நினைவில் வைத்திருக்கிறாய், அது உண்மைதான். படகு என்ஜினைக் காதாலேயே பார்த்துச் சொல்லிவிடுவார், எங்கே பிழை என்று. ஆனால் தன்னைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு ஒரு நெத்தலி மீனுக்கு இருக்கும் அறிவுதான். நான் கலியாணம் முடித்து வரும்போது பீடி. கரையில் எல்லோரும் பீடி, ஆகவே அவரும். பிறகு நுரைச்சோலைப் பக்கம் கொந்தராத்து வேலை கிடைத்தது. அங்கே சட்டை போட்ட ஆட்களுக்கு முன்னால் பீடி பற்ற வைக்க வெட்கமாம், சிகரெட்டுக்கு மாறினார். மாறினதை எனக்கு ஒரு பதவி உயர்வு மாதிரிச் சொன்னார். கண்ணாடிக்கு முன்னால் நின்று பல் விளக்கிவிட்டுக் கூப்பிடுவார். "வந்து பாரு, ஒரு சொட்டு ரத்தம் இருக்கா? உன்ட டொக்டரிட்டச் சொல்லு, என்ட முரசு இரும்பு மாதிரி." எனக்குத் தெரியும் மகன், புகை குடிக்கிறவனின் முரசில், பல்லைப் பிடித்திருக்கும் அந்தச் சதையில், ரத்தம் வராது. அந்த நஞ்சு ரத்தக் குழாயைச் சுருக்கி வைத்திருக்கும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ஒன்றும் காட்டாது. பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் தெரியும். டொக்டர் ஆயிரம் பேருக்குச் சொல்லி நான் ஆயிரம் தடவை கேட்ட விஷயம். அதை நான் அவருக்குச் சொன்னேனா? "முபாரக்" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனேன். விளங்கப்படுத்தக்கூடத் தகுதி இல்லாத ஆள் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்துக்குள் கீழ்ப்பல் மூன்று கையோடு வந்தது.

அதற்குப் பிறகு இருமல். சிலாபத்தில் ஒரு டொக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, சிகரெட்டை நிறுத்து என்றார். உன் வாப்பா நிறுத்தினார். நிறுத்திவிட்டு அடுத்த கிழமையே சுருட்டு வாங்கினார். "இது நெஞ்சுக்குள்ள போறதில்ல, வாயில வெச்சுட்டு விட்டுருவேன்" என்று எனக்கே பாடம் எடுத்தார். நெஞ்சுக்குள் போகாத புகை எங்கே போகிறது என்று அந்த மனுஷனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது வாயிலேதான் இருக்கிறது. நாக்கின் பக்கத்தில், நாக்குக்கு அடியில், கன்னத்தில், எச்சிலில் கரைந்து அங்கேயே ஊறுகிறது. தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு பெரிய மனுஷர் எங்கள் கிளினிக்குக்கு வருவார். சுருட்டுக் குடித்துக் குடித்து அவருடைய மேல்வாய், வெள்ளைத் தோலில் சிவப்புப் புள்ளி குத்தினது மாதிரி ஆகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கே உன் வாப்பா சுருட்டோடு வாசலில் இருப்பதைக் கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர் குடித்து வைத்த கோப்பையைத் தனியாகக் கழுவினேன், படுக்கையில் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதை அவர் விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் விளங்கிக்கொண்டது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதை மட்டும்தான்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. உன் ராத்தாவுக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணி இருக்கும், நான் என் யூனிபோமை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தேன். ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்றுவிட்டு உன் வாப்பா என் முன்னால் வந்து நின்றார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்ச, நாக்குக்குப் பக்கத்தில என்னமோ உறுத்துது. புளி பட்டா எரியுது. ஒருக்காப் பாரேன். நீதானே பார்க்கிறவ."

சொல்லிவிட்டு என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார். சுருட்டு நாற்றம் அடித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "தினம் தினம் ஊரார்ட வாயப் பார்த்துட்டு வாறேன், வீட்டுலயும் பார்க்கணுமா? மூடுங்க" என்றேன். அவர் மூடிவிட்டார். கோபப்படவில்லை, "சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவே இல்லை. நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: அவரை ஜன்னலுக்குக் கிட்ட கூட்டிப் போய், நாக்கை ஒரு துணியால் பிடித்து ஓரமாக இழுத்து, ஒரு நிமிஷம் பார்த்திருக்க வேண்டும். ஊரில் இருக்கிற வேறு எந்தப் பெண்ணும் அப்படிப் பார்த்தால் ஒன்றும் விளங்காமல் இருந்திருக்கும். எனக்கு விளங்கியிருக்கும்.

ஏழு மாதம் போனது. ஒருநாள் என்னைக் கூட்டிப் போக மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக்கு வந்தவர், வாசலில் நின்ற டொக்டரிடம் ஸலாம் மாதிரிக் கையைத் தூக்கி ஏதோ கதைத்தார். அந்த டொக்டர் சிங்களப் பெண்பிள்ளை, குருணாகல் பக்கம், தமிழ் அரைகுறை. ஆனால் காது கூர்மை. உன் வாப்பாவின் நாக்கு ஒரு பக்கம் புரளவில்லை என்பது அவருக்குக் கேட்டுவிட்டது. "உள்ள வாங்க ஐயா, ஒரு தடவ பாப்பம்" என்றார். உன் வாப்பா அந்தக் கதிரையில் சாய்ந்தார், நான் வழக்கம்போல வெளிச்சம் பிடித்தேன். நாக்கின் இடது ஓரத்தில், அடிப்பக்கமாக, ஒரு புண். விளிம்பு கல் மாதிரித் தடித்து உயர்ந்திருந்தது, சுற்றி வெள்ளை. டொக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தார், அங்கேயும் ஒரு கட்டி இருந்தது.

"எவ்வளவு நாளா இருக்கு?"

உன் வாப்பா டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வாய்க்குள் கண்ணாடி இருந்தபடியே, "இப்பத்தான் மிஸ். ஒரு மாசம் இருக்கும்" என்றார்.

அந்தப் பொய்யை அவர் எனக்காகச் சொன்னார். நான் தலை குனிந்து பார்க்க மறுத்ததை ஒரு வெளி ஆளுக்கு முன்னால் சொல்லி என்னை வெட்கப்படுத்தக்கூடாது என்று அந்த நாற்றம் பிடித்த வாயாலே மறைத்தார். நான் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், புற்று என்று முடிவு வந்தது, கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாக்கில் பாதியையும் கழுத்தில் ஒரு பக்கத்தையும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் பிடித்தார்கள், அந்தக் கதிர் வைத்தியம்தான். எச்சில் ஊறுவது நின்றுவிட்டது. எச்சில் இல்லாத வாய் என்ன மாதிரி என்று நீ ஒருநாளும் யோசித்திருக்கமாட்டாய், மிச்சமிருந்த பல்லும் வரிசையாகச் சொத்தையானது. கஞ்சியை வடித்து சிரிஞ்சியால் கொடுத்தேன். கரையில் நின்று கூப்பிட்டால் அடுத்த படகுக்குக் கேட்கிற குரல் அது. கடைசி ஒன்றரை வருஷம் அவர் என் பெயரைச் சொன்னால் அது பெயர் மாதிரியே இருக்காது. தொழுகையில் உதடு மட்டும் அசையும். நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு நான் சொன்னது, "வாப்பாக்குப் பல்லில கட்டி, வெட்டி எடுத்துட்டாங்க." நீ லீவில் வந்தபோது அவர் துவாயால் வாயை மூடிக்கொண்டுதான் உன்னோடு இருந்தார். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை பயப்படும் என்றேன். பயந்திருந்தால் நல்லது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் மௌத்தான அன்று நம் வீட்டு வாசலில் ஆம்பிளைகள் கூட்டமாக நின்றார்கள். உள்ளே ஜனாஸா, வெளியே புகை. உன் சாச்சா, செத்தவரின் கூடப் பிறந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்றைப் பற்ற வைத்தார். பக்கத்தில் நின்றவர் அந்த நெருப்பிலேயே தன்னுடையதைப் பற்ற வைத்தார். "அவன்ட தலையெழுத்து" என்றார்கள். அதைச் சொல்லும்போது மூக்கால் புகை வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கூட்டத்தை விளக்குமாற்றால் அடித்துத் துரத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் கூட்டத்தில் பத்தொன்பது வயதில் நீயும் நின்றாய். உன் கையிலும் ஒன்று இருந்தது. யாரோ ஆறுதலுக்குத் தந்திருப்பான். நீ இருமினாய், ஒருத்தன் முதுகைத் தட்டினான். நான் கண்டேன். இத்தாவில் வீட்டுக்குள் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் அதைச் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. என் வீட்டு ஆம்பிளைகள் எல்லாம் ஒரே மண்ணில் செய்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒரு ஆளை இளக்காரமாகப் பார்க்கப் பழகிவிட்டால், அவனுக்கு உதவி செய்ய வேண்டிய தொல்லை இல்லை. அது பெரிய வசதி மகன். நான் அந்த வசதியில் ரொம்பக் காலம் இருந்துவிட்டேன்.

பிறகு உன்னுடைய பதவி உயர்வுகள் தொடங்கின. சிகரெட் கொஞ்சக் காலம். அப்புறம் வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துக் கடலில் விளையாட வருகிற அந்தக் கொட்டில்களில் ஷீஷா. தண்ணீருக்குள்ளால் வருகிற புகை, கழுவின புகை என்று நீ ராத்தாவிடம் சொன்னாயாம். ஒரு சிகரெட் ஐந்து நிமிஷத்தில் முடியும், நீங்கள் ஒரு மணித்தியாலம் சுற்றி இருந்து ஒரே குழாயை நாலு பேர் வாயில் மாற்றி மாற்றி வைப்பீர்கள். அடுத்தவன் குடித்த கோப்பையில் தண்ணீர் குடிக்க அருவருக்கிற ஆள் நீ. ஞாபகம் இருக்கிறதா, உனக்கு ஞானப்பல் பிடுங்கினார்கள். மூன்று நாளைக்கு ஒன்றையும் உறிஞ்சாதே, புகையே ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். நீ அடுத்த நாள் அஸருக்குப் பிறகு போய் ஷீஷா இழுத்தாய். பல் இருந்த குழியில் உறைந்திருந்த ரத்தத்தை நீயே உறிஞ்சி எடுத்துவிட்டாய். எலும்பு வெறுமையாக நின்றது. இரண்டு நாள் காதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாய். நான் என்ன சொன்னேன்? "நல்லா இழு, இன்னும் ஒரு பல் மிச்சம் இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் கூட இருந்தது. அப்போதும் நான் உனக்கு வாப்பாவின் கதையைச் சொல்லவில்லை.

இப்போது ஆவி. போன செவ்வாய்க்கிழமை நான் பழைய கிளினிக்குக்குப் போனேன். உன் வாப்பாவைப் பார்த்த அந்த டொக்டர் இடமாற்றம் கிடைத்துப் போய் மறுபடியும் இங்கேயே வந்திருக்கிறார், இப்போது தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது, தமிழ் நன்றாகிவிட்டது. உன் சாமானைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் தெரியும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டேன், அது புதுசு" என்றார். "சிகரெட்டில இருக்கிற சில நஞ்சு அதில குறைவா இருக்கலாம். ஆனா நிகொட்டின் நிகொட்டின்தான். வாய் காயும், முரசு கெடும், ரத்தம் வராம மறைச்சு வெச்சிருக்கும். விட முடியாத பழக்கத்த அப்படியே வெச்சிருக்கும். மகன் அத மட்டும் குடிக்கிறாரா, இல்ல சிகரெட்டும் சேர்த்தா?" எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியும். வெள்ளையைப் பற்றியும் சொன்னேன். "பெரும்பாலும் ஒண்டும் இருக்காது" என்றார். "பல் உரசினாலும் வெள்ளை வரும். ஆனா துடைச்சுப் போகாம, ரெண்டு கிழமைக்கு மேல நிண்டா, கட்டாயம் பார்க்கணும். பார்க்காம யாரும் சொல்ல ஏலாது, நானும் சொல்ல ஏலாது." நீ போய் இன்றைக்குப் பத்தொன்பது நாள்.

உன்னிடம் போனில் சொல்லலாம் என்று எடுத்து, அப்படியே வைத்துவிட்டேன். நீ சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். ஆகவே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். இரண்டாம் நாள் எழுதிக்கொண்டிருக்கும்போது நஸ்ரின் வந்தாள். உடுப்பு நிறம் பார்க்க அவளுடைய உம்மாவும் கூட வந்திருந்தா, உன் ராத்தா அவவை உள்ளே கூட்டிப் போய்விட்டாள். உனக்குப் பார்த்திருக்கும் இந்தப் பெண் புத்தளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், கேள்வி கேட்டால் பதில் வரும் வரைக்கும் கண்ணை எடுக்கமாட்டாள். "மாமி, என்ன எழுதுறீங்க?" என்றாள். பிறகு, "அவர் வந்த அண்டைக்கு ஒரு பழ வாசம் வந்துச்சு. செண்ட் எண்டு நினைச்சேன். செண்ட் இல்லதானே?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆவியை, வெள்ளையை, நீ வாயைப் பொத்திக்கொண்டு ஓடினதை. அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் வாப்பா என்னிடம் வாயைத் திறந்ததையும் நான் முகத்தைத் திருப்பினதையும் சொன்னேன். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வேறொரு ஆளுக்குச் சொன்னது, அதுவும் நாளைக்கு மருமகளாகப் போகிறவளுக்கு. எழும்பிப் போய் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். போனால் குற்றம் சொல்லமாட்டேன் என்றும் நினைத்தேன். அவள் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். பிறகு, "எப்படிப் பார்க்கிறது எண்டு எனக்குக் காட்டித் தாங்க மாமி" என்றாள்.

"இப்பவா?"

"ஓம், இப்பதான். வெளிச்சம் இருக்கு."

முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவர்களின் தலையைப் பிடித்த நான் என் தலையை அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் உதட்டை மடக்கிப் பார், பிறகு இரண்டு கன்னமும், முரசு முன்னும் பின்னும். நாக்கைத் துணியால் பிடித்து வலம் இடம் இழுத்துப் பார், அடியில் பார், அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு மேல்வாய், கடைசியில் கழுத்தை இரண்டு கையாலும் தடவு. வெள்ளையோ சிவப்போ ஆறாத புண்ணோ இருந்தால் விரலால் தொட்டுப் பார், தடித்திருக்கிறதா என்று. அந்தப் பிள்ளை தன் முகத்தை என் வாய்க்குள்ளேயே வைத்தது மாதிரிக் குனிந்து பார்த்தாள். மீன் தின்ற வாய், கிழட்டு வாய், எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற முகம்.

"மாமி, இஞ்ச மேல வலப் பக்கம் ஒரு பல் கறுத்து, பாதி உடைஞ்சு கிடக்கே. இதப் புடுங்காம ஏன் வெச்சிருக்கீங்க?"

பயம் என்றேன். அந்தக் கதிரையில் இருக்கப் பயம். அவள் சிரித்த சிரிப்பில் உன் ராத்தா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். இவ்வளவு காலமும் பல் ஆஸ்பத்திரிக்கு வர நடுங்கினவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு நிமிஷத்தில் என்மேல் திரும்பி விழுந்தது. வருகிற வியாழக்கிழமை எனக்குப் பல் பிடுங்கப் போகிறார்கள். கூட வருவது அவள்.

போக முன்னர் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒன்றும் கூட்டவில்லை. "அவரைக் கெட்டவர் எண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்குப் பிறகு தெரிய வர ஏலாது மாமி, முதல்ல தெரியணும். டுபாயில பல் டொக்டர்மார் இருக்காங்கதானே. போய்க் காட்டி, எழுதித் தந்தத எனக்கு அனுப்பச் சொல்லுங்க. நல்லதா வந்தாலும் சரி, கெட்டதா வந்தாலும் சரி, நான் இருப்பேன். காட்டாம இருந்தா மட்டும் இருக்க மாட்டேன்." கலியாணக் கார்டுக்கு எழுதி வைத்திருந்த தாளை என் மேசையிலிருந்து எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அச்சகத்துக்கு அதைக் கொடுக்க வேண்டியது இனித் தன் பொறுப்பாம். அவளுடைய உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நானும் விளங்கப்படுத்தவில்லை.

ஆகவே மகன், இந்தக் கிழமையே போ. சிகரெட் எத்தனை, ஷீஷா எத்தனை, அந்தப் பேனா எத்தனை என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல். அவர்கள் வெட்கப்படுத்தமாட்டார்கள், வெட்கப்படுத்துகிற வேலையை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். அந்தப் பேனாவைக் கடலில் எறியாதே, மீனுக்கு என்ன பாவம். குப்பையில் போடு. விட முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது, அதைக் கேட்கிறவனை நான் இளக்காரமாகப் பார்க்கமாட்டேன். மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பேன். நீ வந்ததும் உன் வாயை நானே வெயிலில் வைத்துப் பார்ப்பேன், அது எப்படி மணந்தாலும் பார்ப்பேன்.

கடிதத்தை மூடப்போன நேரம் நஸ்ரின் போன் எடுத்தாள். அச்சகத்து ஆள் அவளைக் கேட்டானாம், இன்னும் தாள் வரவில்லையே, மாப்பிள்ளையின் பெயரில் ஏதாவது பிழை இருக்கிறதா, திருத்த வேண்டுமா என்று. இவள் சொல்லியிருக்கிறாள்: "பெயர்ல பிழை இல்ல. ஆளத்தான் ஒருக்காப் பார்க்க வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுங்க."

உன் உம்மா